சத்து ஊசி

நம்முடைய தொடர்கதைகளில் ஒரு காட்சி அடிக்கடி வரும். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மூத்த மகனைத் தனியாக அழைத்துத் தணிந்த குரலில் ஏதோ சொல்வார். மகன் சுவரில் சாய்ந்துகொள்வான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு உள்ளே போய், "ஒன்றுமில்லை அப்பா, உடம்புச் சூடுதானாம்" என்பான். வாசகர்கள் அந்த இடத்தில் கண் கலங்குவார்கள். மகனுடைய தியாகத்தைப் பாராட்டிப் பத்திரிகைக்குக் கடிதமும் எழுதுவார்கள்.

இந்தக் காட்சியை நானே மூன்று நாவல்களில் எழுதியிருக்கிறேன். பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஆகையால் இன்று அதற்கு எதிராக வழக்குத் தொடரும்போது, குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறி நிற்பவன் நான்தான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விஷயம் சற்றுக் கூச்சம் தருவது. ஆண்களுக்கு மூத்திரப் பைக்கு அடியில் புராஸ்டேட் என்று ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. வயதான காலத்தில் அதில் புற்றுநோய் வருவதுண்டு. அது எலும்புகளுக்குப் பரவிவிட்ட பிறகு, ஹார்மோன் சிகிச்சை என்று ஒன்றை ஆண்டுக்கணக்கில் செய்கிறார்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சகோதரிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த நோய் வருவது உங்கள் தகப்பனாருக்கும் கணவருக்கும்தான். அந்தச் சிகிச்சையின் பாதிப் பாரம் உங்கள் தலையில்தான் இறங்குகிறது.

என் தாய்மாமா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, வாசல் திண்ணை, மாலையில் பத்திரிகை என்று நிம்மதியாகக் காலம் கழித்துக்கொண்டிருந்தார். 2018 நவம்பரில் தீராத இடுப்பு வலி என்று அழைத்துப் போனோம். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள், எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 71.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் என்னையும் மாமாவின் மகனையும் நிறுத்திப் பேசினார். இரண்டு வழிகளைச் சொன்னார். சின்ன அறுவை ஒன்று செய்து இரண்டு விரைகளையும் எடுத்துவிடலாம். ஒரே தடவையோடு முடிந்துவிடும், செலவும் குறைவு. அல்லது, மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. ஆயுள் முழுவதும் போட வேண்டும், செலவு அதிகம். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரை ஒன்றைப் பற்றியும் ஏதோ சொன்னார். அது எங்கள் காதில் சரியாக விழவில்லை.

"ஊசியே போட்டுடலாம் அத்தான்" என்றான் மைத்துனன். "ஆபரேஷன்னா அப்பாகிட்ட என்னன்னு சொல்றது?"

நானும் தலையாட்டினேன். நாலு நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. எது உடம்புக்கு நல்லது, எது அவருடைய பணத்துக்கும் மனத்துக்கும் ஏற்றது என்று நாங்கள் யோசிக்கவில்லை. எந்த வழியில் உண்மையை மறைக்கலாம் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. முடிவு செய்த இருவரில் ஒருவருக்கும் நோய் இல்லை. நோய் உள்ளவர் பத்தடி தள்ளிப் பெஞ்சியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா மாப்ளே சொல்றார்?"

"ஒண்ணும் இல்ல மாமா. எலும்பு தேய்மானமாம். மூணு மாசத்துக்கு ஒரு சத்து ஊசி போட்டாப் போதுமாம்."

கதை கட்டுவது என் தொழில் அல்லவா? தயங்காமல் சொல்லிவிட்டேன். காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். படிப்பதற்கு மூக்குக் கண்ணாடியை அவர் எடுத்து வரவில்லை. நாங்களும் அதை நினைவுபடுத்தவில்லை.

அந்த ஊசி என்ன செய்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புராஸ்டேட் புற்றுக்கு ஆண்மை ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டெரோன்தான் தீனி. அந்தத் தீனியை நிறுத்தினால் நோய் சுருங்குகிறது. இதை 1941-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் தம் சகாக்களோடு நிரூபித்தார். எலும்பு வலியால் துடித்த நோயாளிகளுக்கு விரைகளை எடுத்தபோது பலருக்கு வலி தணிந்தது. அதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிற்பாடு ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கிய்மனும் மூளையிலிருந்து ஆண்மைச் சுரப்புக்கு உத்தரவு போகும் வழியைத் துலக்கி 1977-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்த அறிவிலிருந்து பிறந்ததுதான் ஊசி. லியூப்ரோலைடு என்ற மருந்து 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஊசி வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. மூளையிலிருந்து வரும் உத்தரவு விட்டுவிட்டு வர வேண்டும். வாசற்கதவை யாராவது அவ்வப்போது தட்டினால் எழுந்து போய்த் திறக்கிறோம். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால், சில நாள் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு காதைப் பொத்திக்கொள்கிறோம். ஊசி மருந்து ஓயாமல் தட்டுகிறது. முதல் வாரத்தில் டெஸ்டோஸ்டெரோன் ஏறுகிறது. அதன் விளைவைத் தடுக்கவே ஆரம்பத்தில் ஒரு மாத்திரையும் தருகிறார்கள். சில வாரங்களில் சுரப்பு அடங்கி, விரையை எடுத்துவிட்டவருடைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. மருத்துவர்களே தங்கள் பாஷையில் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால், மருந்தால் காயடிப்பது. நாங்கள் வைத்த பெயர் சத்து ஊசி.

சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. இதை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிகிச்சை வலியைத் தணிக்கிறது. படுத்தவரை எழுப்பி நடமாட வைக்கிறது. என் மாமாவும் இரண்டே மாதத்தில் வயலுக்கு நடந்து போனார். நோயை இது வேரோடு ஒழிப்பதில்லை. ஒரு காலம் அடக்கி வைக்கிறது. பிறகு நோய் வேறு வழி கண்டுபிடித்துத் தலை தூக்கும். ஆயினும் 2017-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், அபிராடெரோன் என்ற மாத்திரையை ஆரம்பத்திலேயே ஊசியோடு சேர்த்தால் ஆயுள் நீள்கிறது என்று காட்டின. தாழ்வாரத்தில் எங்கள் காதில் விழாமல் போன மாத்திரை அதுதான்.

ஆனால் இந்தச் சிகிச்சைக்கு ஒரு விலை உண்டு. நோயாளிதான் அதைக் கொடுக்கிறார். எதற்காகக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

மார்கழி மாதத்துப் பின்னிரவில் மாமா வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்கார்ந்தார். முகமும் மார்பும் தணலாய்க் காய்ந்தன. ஐந்து நிமிஷத்தில் குளிர் எடுத்தது. மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்கு வரும் அதே காங்கைதான். அத்தையே அந்தப் பத்து வருஷத்தைக் கடந்து வந்தவள். தெரிந்திருந்தால் அவளே விளக்கிச் சொல்லியிருப்பாள். வயிறு பருத்தது, தோளும் தொடையும் மெலிந்தன. ஒரு குடம் தண்ணீரைத் தூக்க மூச்சு வாங்கியது. மார்பு பெண்களுக்குப் போல் வலித்தது. என் தங்கை கல்யாணத்தில் எல்லோரும் அழுதபோது கல்லாக நின்ற மனிதர், என் தொடர்கதையின் ஒரு சாதாரண அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார் என்று அத்தை சொன்னாள். எழுத்தின் வெற்றி என்று அன்று நான் மகிழ்ந்துபோனேன்! அந்த அசட்டுத்தனத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பிறகு மாமா திண்ணையில் தனியே படுக்கத் தொடங்கினார். அத்தை என் மனைவியிடம் ஒரு நாள் சொன்னாளாம்: "என்மேல என்ன கோபம்னே தெரியலம்மா. கிட்டப் போய் உக்காந்தாக்கூட எழுந்து போயிடுறார்." நாற்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்துக்குப் பிறகு, தான் என்ன பிழை செய்தோம் என்று அந்தப் பெண்மணி தேடிக்கொண்டிருந்தாள். ஆசை என்பதே எங்கே போயிற்று, தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று மாமா தேடிக்கொண்டிருந்தார். இருவருக்கும் விடை தெரிந்திருந்த நான், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

2021 பிப்ரவரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். பெரிய விழுகை இல்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படம் பார்த்த இளம் எலும்பு டாக்டர், முறிந்த இடத்தில் புற்று இல்லை, எலும்பு மெலிந்துதான் முறிந்திருக்கிறது என்றார். பிறகு மாமாவிடமே நேராகக் கேட்டார்:

"ஐயா, ஹார்மோன் ஊசி எத்தனை வருஷமா போட்டுக்கிறீங்க?"

"ஹார்மோனா? நான் போட்டுக்கிறது எலும்புக்குச் சத்து ஊசியில்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார்.

டெஸ்டோஸ்டெரோன் இறங்கினால் எலும்பும் சத்தை இழக்கிறது. 2005-ல் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய் கண்டு ஐந்து ஆண்டுக்குமேல் வாழ்ந்தவர்களில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 19.4 சதவிகிதம் பேருக்கு எலும்பு முறிந்திருந்தது, பெறாதவர்களில் 12.6 சதவிகிதம். அதனால்தான் ஆரம்பத்திலேயே எலும்பின் அடர்த்தியை அளக்க வேண்டும், கால்சியமும் டி வைட்டமினும் வேண்டும், உடற்பயிற்சி வேண்டும், தேவையானால் எலும்பைக் காக்கும் மருந்தும் வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இதில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் ஏன் என்று மாமா கேட்டிருப்பாரே! எலும்பை மெலிவிக்கும் மருந்துக்கு எலும்புச் சத்து என்று பெயர் சூட்டிய புண்ணியவான் நான்.

அன்றிரவு ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் கதைகளின்படி அவர் இடிந்துபோயிருக்க வேண்டும். இடிந்து போகவில்லை. வெகுநேரம் சீலிங்கையே பார்த்தார். பிறகு, "அப்போ எனக்குப் பைத்தியம் பிடிக்கலை" என்றார்.

"இல்ல மாமா."

"காளைக்குக் காயடிக்கிற மாதிரின்னு சொல்லு. இதைச் சொல்றதுக்கா ரெண்டேகால் வருஷம்?" சற்று நேரம் கழித்து, "காயடிச்ச மாடுதானடா வண்டி இழுக்குது. நானும் இன்னும் கொஞ்ச தூரம் இழுக்கிறேன். அத்தையைக் கூப்பிடு" என்றார்.

அறுவைக்குச் சம்மதித்திருப்பீர்களா என்று பிற்பாடு ஒரு நாள் கேட்டேன். "ஊசியைத்தான் கேட்டிருப்பேனோ என்னவோ! ஆனா கேட்க வேண்டியவன் நானில்லடா?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறைப்பதை நியாயப்படுத்துகிறவர்கள் சொல்வதெல்லாம் எனக்குத் தெரியும், நானே சொன்னவன்தானே. தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்பார்கள். தெரியாமல் இரண்டேகால் வருஷம் உடைந்ததை நான் பார்த்தேன். எழுபது வயதில் அந்தச் சுகம் போனால் என்ன என்பார்கள். போனது அது ஒன்றுதானா? தெம்பும், தூக்கமும், மனைவியின் பக்கத்தில் உட்காரும் நிம்மதியும் அல்லவா போயின? அது ஒன்றே போனதாக வைத்துக்கொண்டாலும், இன்னொருவருடைய வாழ்க்கையில் எது அற்பம் என்று தீர்மானிக்க நாம் யார்? உண்மையைச் சொன்னால் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றும் ஒரு வாதம் உண்டு. சொல்லட்டுமே. உடம்பு அவருடையது. ஆனால் நான் கண்ட வரையில் மனிதர்கள் அவ்வளவு எளிதில் வாழ்க்கையை உதறுவதில்லை. தெரிந்துகொண்ட பிறகு மாமா ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவில்லை.

மறைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. நோயாளியைக் கேட்காமல் முடிவு செய்யும் வழக்கம் வந்துவிட்டால், முடிவு செய்கிறவர்கள் எப்போதும் அன்பினால் மட்டுமே செய்வார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். லியூப்ரோலைடு விற்ற கம்பெனி ஒன்று, இலவச மாதிரிகளாகக் கொடுத்த மருந்துக்கும் டாக்டர்கள் அரசு இன்சூரன்ஸிடம் பணம் வாங்கிக்கொள்ள வழி செய்ததென்று வழக்காகி, 2001-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 87 கோடியே 50 லட்சம் டாலர் கட்டியது. 2003-ல் ஒரு சட்டம் வந்து, இந்த ஊசிக்கு டாக்டர்கள் பெறும் தொகை அடுத்தடுத்த ஆண்டுகளில் குறைக்கப்பட்டது. என்ன ஆயிற்று தெரியுமா? நோய் பரவாத, ஊசி தேவையில்லாத வகையினருக்கு அதைப் போடுவது 2003-ல் 38.7 சதவிகிதமாக இருந்தது, 2005-ல் 25.7 சதவிகிதமாக இறங்கிற்று. உண்மையில் தேவைப்பட்டவர்களுக்குப் போடுவது குறையவில்லை. ஊசியின் குணம் மாறவில்லை; கிடைக்கும் காசுதான் மாறியது! எத்தனை ஆண்கள் தேவையில்லாமல் இந்த விலையைக் கொடுத்திருப்பார்கள்! எல்லா டாக்டர்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. "இது எனக்கு எதற்கு?" என்று கேட்கத் தெரிந்த நோயாளியிடம் அன்பும் லாபமும் இரண்டுமே சற்று யோசித்துத்தான் நடக்கும் என்கிறேன்.

அதிகம் ஒன்றும் நான் கேட்கவில்லை. முதல் ஊசிக்கு முன் ஒரு கால் மணி நேரம். அதில் நோயாளியும், அவர் விரும்பினால் மனைவியும் இருக்க வேண்டும். என்ன நோய், எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்லட்டும். அறுவையா, ஊசியா என்ற கேள்வியை அவரிடமே வைக்கட்டும். ஊசியை இடைவெளி விட்டுப் போடலாமா என்று அவர் கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது: பரவிய நோயில் அந்த முறை தொடர் சிகிச்சைக்கு நிகரானது என்று 2013-ல் வெளியான பெரிய ஆய்வினால் நிரூபிக்க முடியவில்லை, ஆனால் முதல் சில மாதங்களில் ஆண்மையும் மனநிலையும் சற்று மேலாக இருந்தன. இரண்டையும் எடை போட அவருக்குத் தெரியாதா? காங்கை வரும், ஆசை குறையும், அழுகை வரும், எலும்பு மெலியும் என்று சொல்லட்டும். சர்க்கரையையும் இருதயத்தையும் கவனிக்க வேண்டும் என்று சொல்லட்டும். அந்த எச்சரிக்கையை இந்த வகை ஊசிகளின் விவரத் தாளில் சேர்க்கும்படி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010-லேயே உத்தரவிட்டுவிட்டது. எல்லாம் சொன்ன பிறகு, தினம் நடப்பதும் சிறு பளு தூக்கிப் பயிற்சி செய்வதும் களைப்பைக் குறைக்கும் என்ற நல்ல சேதியையும் சொல்லட்டும். "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் வாய்திறந்து சொன்னால், அதையும் மதிக்க வேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

மாமாவுக்கு 2021 கடைசியில் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது. இம்முறை தாழ்வாரப் பேச்சு இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே டாக்டர் எதிரில் உட்கார்ந்து, மாத்திரையின் விலையையும் பலனையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, சரி என்றார். திண்ணைப் படுக்கை உள்ளே போய்விட்டது. இரவில் காங்கை எழுந்தால் அத்தை விசிறிக்கொண்டே, "எனக்கு வந்தப்போ சிரிச்சீங்கல்ல?" என்று கேலி செய்வாளாம். 2023 ஆவணியில் அவர் காலமானார்.

அவருடைய நாட்குறிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. தலைமையாசிரியர் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். 2018 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை "சத்து ஊசி" என்று எழுதியிருக்கிறார். 2021 பிப்ரவரிக்குப் பிறகு ஒவ்வொரு தேதியிலும் "ஹார்மோன் ஊசி" என்றிருக்கிறது. பழைய பக்கங்களையும் திருத்தியிருக்கிறார்; சத்து என்ற சொல்லை ஒவ்வோரிடத்திலும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சரியான சொல்லை எழுதியிருக்கிறார். மாணவன் எழுதிய பிழையைத் திருத்துவதுபோல!

என் அடுத்த நாவலிலும் ஒரு டாக்டர் வருவார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதானால் துடைத்துக்கொள்ளட்டும். ஆனால் மகனை வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப் போக மாட்டார். நாற்காலியை இழுத்துக் கட்டிலின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பெரியவரிடமே பேசுவார். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, மகனுடைய தியாகம் எங்கே என்று கேட்டு எனக்கு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.